நகச்சுற்றும் நான்கு அடி தூரமும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். எத்தனையோ குழந்தைகளை முதலில் தொட்டவள் நான். எல்லாமே கையுறையோடு, அடுத்த கட்டிலின் அவசரத்தோடு. மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார எனக்கென்று ஒன்று இல்லை. அதனால் தம்பி மகள் உண்டானதும், ஒரு முழு மத்தியானம் அவள் பிள்ளையை மடியில் வைத்திருப்பது என்று முடிவுசெய்தேன்.

பிரசவத்துக்கு நான்கு நாள் முன்பு, கடலூர் முதுநகரில் என் வீட்டில் நண்டு கழுவும்போது ஓடு நகக்கண்ணில் குத்தியது. நகச்சுற்று. டாக்டர் தந்த மாத்திரையோடு, படித்த படிப்புக்குத் தெரியாமல் ஓர் எலுமிச்சம்பழத்தையும் விரலில் செருகிக்கொண்டேன்.

குழந்தை பிறந்ததும் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அந்தக் கோலத்தில்தான் போனேன்.

"என்னக்கா, திஷ்டி கழிக்க கையோட எடுத்தாந்துட்டியா?" என்றான் தம்பி.

பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துத்தான் தம்பி மகளுக்கு வலி வந்திருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தார்கள். குழந்தை நன்றாக இருந்தான். ஆனாலும் கிருமி தொற்றியிருக்கிறதா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டுமாம். நானே பலரிடம் சொன்ன வாசகம். கேட்கிற பக்கத்தில் நின்றால் அது நீளமாக இருக்கிறது.

"வாங்க அத்த, தூக்குங்க" என்றாள் தம்பி மகள்.

வாசலைத் தாண்டவில்லை. "வெரல்ல சீழ் இருக்கு. கூடாது."

"கிளவுஸ் போட்டுக்குங்க."

"அது கிழிஞ்சா?"

தம்பி மனைவி சிரித்தாள். "எத்தன பேர வாசல்லயே நிறுத்துனீங்க அண்ணி! இப்ப நீங்களே நிக்கிறீங்க."

உண்மைதான். இப்படி ஒரு விரலோடு வந்த நர்ஸை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் அழுதபோது, விதியை இன்னொரு முறை நிதானமாகச் சொன்னேன்.

தம்பி மகள் குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான்கு அடி தூரம். கொட்டாவி விட்டான். நான் கடலூர் பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. "நல்லா பால் குடிக்கிறான் அத்த. வீட்டுக்குப் போலாம்னுட்டாங்க. வீடியோ அனுப்பவா?"

"ஒரு நிமிஷம் முழுசா எடு. வயிறு தெரியணும்."

"ஆசையா பாக்கப் போறீங்களா, மூச்ச எண்ணப் போறீங்களா?"

எண்ணினேன். ஐம்பதுக்குள் இருந்தது, பயமில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, எண்ணாமல் மறுபடி பார்த்தேன்.