நான் அமுக்காத கறுப்புக் கட்டை

என் தங்கைக்குக் கிடைக்கவேண்டிய வேலையைக் கெடுக்க யாரும் சதி செய்யவில்லை. அவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கவில்லை, நான் ஒருவன் போதுமாக இருந்தேன்.

முப்பத்தொரு வருடங்களாக மேடையில் பியானோ வாசிக்கிறேன். என்னைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான் டைப்பிங் சொல்லிக்கொடுப்பவன் என்று நினைக்கிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அப்பா லிஃப்ட் ஓட்டிய ஓட்டலை மூடியபோது, தூக்க ஆளில்லாமல் விட்டுப்போன பியானோ எங்கள் வீட்டுக்கு வந்தது. பியானோ ஒன்று, பிள்ளைகள் இரண்டு. மகன் வாசிப்பான், மகள் பக்கத்தில் உட்கார்ந்து இசை நோட்டில் பக்கம் புரட்டுவாள் என்று அப்பா தீர்ப்பளித்தார். நான் மதியம் தூங்கும் நேரத்தில் அவள் வாசித்துக் கற்றுக்கொண்டாள். எனக்குத் தூக்கம் அதிகம். ஆகவே அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

பிறகு நான் மேடை ஏறினேன். அவளும் ஏறினாள், என் இடப்பக்க நாற்காலிக்கு. நிகழ்ச்சித் தாளில் பியானோவைச் சுருதி சேர்த்தவர் பெயர் இருக்கும், பூங்கொத்து கொடுத்த கடையின் பெயர்கூட இருக்கும். அவள் பெயர் இருக்காது. பெண்ணுரிமை பற்றி நான் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவன். அந்தக் கூட்டங்களுக்கு என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவளும் அவள்தான். கடவுள் இல்லை என்று பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்தேன். என் இடப்பக்கம் ஓர் ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பத்து மூன்று வயதானது.

அந்த வருடம் இசைப்பள்ளியில் பியானோ ஆசிரியர் பணி ஒன்று காலியானது. நிரந்தர வேலை, வயது வரம்பு நாற்பத்தைந்து. திரைக்குப் பின்னால் வாசிக்க வேண்டும், ஆளுக்கு ஓர் எண், பெயர் கிடையாது. வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமலிருக்க அந்தத் திரையை வாதாடி வாங்கியவன் நான். நடுவர்கள் மூவர். மற்ற இருவரில் ஒருவர் வயலின் ஆசிரியை, இன்னொருவர் பாடகர் குழுவை நடத்துபவர். பரீட்சையில் எல்லோரும் வாசிக்க வேண்டிய உருப்படியை, ஒரு சொனாட்டாவை, நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதை இருபத்தாறு வருடங்களாக வாசிக்கிறேன்.

வந்தவர்கள் மூன்று பேர். முதல் இருவரும் அருமையாக வாசித்தார்கள். பின்னால் தெரிந்தது, இருவரும் என் மாணவர்கள். மூன்றாவது எண் அவர்களைவிட ஒரு படி மேல். ஆனால் மெதுவான பகுதியில், உயிர் போகிற இடத்தில், வெள்ளைக் கட்டைக்குப் பதில் கறுப்புக் கட்டையை அமுக்கியது. அந்த இடம் திரும்ப வந்தபோதும் அதே கறுப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு மதிப்பெண் வெட்டினேன். நாலு மதிப்பெண் வித்தியாசத்தில் மூன்றாவது எண் இரண்டாம் இடத்துக்குப் போனது.

வெட்டியதற்குக் காரணம் எழுதித் தர வேண்டும். மறுநாள் வீட்டில் நோட்டை எடுத்து அந்த இடத்தைத் தேடினேன். அங்கே நான் என்றைக்கோ பென்சிலால் எழுதிய ‘4’ இருந்தது, நாலாவது விரலால் வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு. அதன் அடியில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. ரப்பரால் அழித்தேன். பக்கத்துக் கறுப்புக்கு மாறச் சொல்லும் ஒரு சின்ன அடையாளம் அச்சில் வெளியே வந்தது. வாசிக்க வேண்டியது கறுப்புக் கட்டைதான்.

இருபத்தாறு வருடங்கள்! அந்த இடத்தைத் ‘துணிச்சல்’ என்று ஒரு விமர்சகர் பாராட்டியதை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

தங்கைக்குப் போன் செய்து, அது கறுப்பா வெள்ளையா என்று கேட்டேன்.

“கறுப்புதான். நேத்தும் கறுப்புதான் வாசிச்சேன்.”

“நேத்தா? எங்கே?”

“திரைக்கு அந்தப் பக்கம். எனக்கு இது கடைசி வருஷம்ணா. உன்கிட்ட சொன்னா ‘அண்ணன் போட்ட மார்க்கு’ன்னு பேசுவாங்க. அதான் சொல்லல.”

நான் இத்தனை வருடம் தப்பாக வாசித்ததையாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னேனே. இதை நீ முதல்ல மேடையில வாசிச்சதுக்கு முந்தின நாள். ‘நீ புரட்டற வேலைய மட்டும் பாரு’ன்னே.”

எனக்கு நினைவில்லை. ஆனால் குரல் என்னுடையதுதான், சந்தேகமில்லை.

உடனே பள்ளி முதல்வரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், வழியும் நல்லதாகவே சொன்னார்: “தங்கச்சின்னா நீங்க மார்க்கே போட்டிருக்கக் கூடாது சார். உறவுன்னு எழுதி உங்க தாளை எடுத்துடறேன். மத்த ரெண்டு பேர் மார்க்குல அவங்கதான் முதல். அந்தக் கட்டை விஷயத்தை எதுக்குக் கிளறிக்கிட்டு?”

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது: கோப்பில் ‘உறவு’ என்று மட்டும் இருந்தால், அண்ணன் தயவில் வந்தவள் என்றே ஊர் பேசும். என் மானத்துக்கு அவள் மறுபடியும் பக்கம் புரட்ட வேண்டும்.

“ரெண்டையும் எழுதுங்க, நான் தப்பா வாசிச்சு, சரியா வாசிச்சவங்களுக்கு மார்க் வெட்டினேன்னு” என்றேன். முதல்வரின் பேனா எழுதாமலே நின்றது. வாங்கி நானே எழுதினேன். வெள்ளைக் கட்டையை நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று என் மாணவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கடிதம் போட்டேன். ஒருவர் இன்னும் பதில் போடவில்லை. அவர் கோபம் நியாயமானது.

தங்கை வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் பள்ளி அரங்கில் அதே சொனாட்டாவை வாசித்தாள். இடப்பக்க நாற்காலியில் நான். ஓரிடத்தில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். அவள் நிற்கவில்லை, மனப்பாடமாகவே வாசித்துக்கொண்டு போனாள். நிகழ்ச்சித் தாளில் என் பெயர் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இடம் வந்தது. கறுப்புக் கட்டை ஒலித்தது. அச்சில் இருப்பது அதுதான், சரியும் அதுதான். என் காதுக்கு மட்டும் இன்னும் தப்பாகவே கேட்கிறது.