இன்னாள் பெற்ற இன்னாளின் தலைவலி

கெய்ரோவின் பழைய பகுதியிலுள்ள ஒரு அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காவலாளி நான். என் பொறுப்பில் இருப்பது தலைவலி தீர மந்திரம் எழுதிய ஒரு பழங்காலப் பப்பைரஸ் நாணல் தாள். அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன்; காவலாளி பார்க்க வேண்டியது ஜனங்களைத்தானே. அதில் இயேசுவும் வருகிறார், பழைய எகிப்துச் சாமி ஐசிஸின் மகன் ஹோரஸும் வருகிறான் என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "ஞானஸ்நானம் வாங்கினவன் செய்யற வேலையா இது?" என்று அந்தக் காலத்து நம் காப்டிக் கிறிஸ்தவர்களை வாய் வலிக்கக் கேலி செய்திருக்கிறேன். பெரிய அறிவாளி நான்.

என் மனைவி தெமியானாவின் தலைக்குள் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன், பிழைத்தாலும் பேர்கூட மறந்துபோகலாம் என்றார் டாக்டர். மறுநாள் அறிவாளி முதல்முறையாகத் திரும்பி நின்று கண்ணாடிக்குள் பார்த்தார். கோயில் பாட்டுக்காகக் கற்ற காப்டிக் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கோடு விடாமல் பார்த்து எழுதினேன். எட்டாக மடித்து, நூல் கட்டி, அவள் கழுத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் போட்டேன்.

வியாழன் காலை நர்ஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். தெமியானா தாளைப் பிரித்துப் படித்தாள். ஞாயிறு பள்ளியில் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவள். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"மினாவோட அப்பா, இதுல யாருக்குத் தலைவலின்னு இருக்கு தெரியுமா?"

"உனக்குத்தான்."

"'இன்னாள் பெத்த இன்னாளுக்கு'ன்னு இருக்கு. இது வெறும் மாதிரிப் படிவம்ங்க. பேரையும் அம்மா பேரையும் நாமதான் போட்டுக்கணும். கண்ணாடிப் பெட்டி பக்கத்துல இருக்கிற விளக்க அட்டையில எழுதியிருக்குமே?"

"நான் எங்க அதைப் படிச்சேன்."

"கடைசியில 4712ன்னு இருக்கே, அது எந்தச் சாமி?"

அது அருங்காட்சியகப் பதிவு எண். பேனாவை நீட்டினேன். மூடியைக் கழற்ற மறந்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். ஏதோ எழுதி, மடித்து, என்னைக் குனியச் சொல்லி என் கழுத்தில் கட்டினாள்.

"'மஹ்ரூசா பெத்த பிஷாய்'னு உங்க அம்மா பேரும் உங்க பேருமா மாத்திட்டேன். எனக்கு டாக்டர் இருக்காரு. உங்களுக்கு யாரு இருக்கா?"

ஐந்து மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். இயேசுவைக் கூப்பிட்டேன், ஹோரஸைக் கூப்பிட்டேன், 4712ஐயும் விட்டுவைக்கவில்லை.

சாயங்காலம் கண் திறந்தாள். டாக்டர் குனிந்து, "அம்மா, உங்க பேரு என்ன?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள்.

"இன்னாள்" என்றாள் மெதுவாக. "இன்னாள் பெத்த இன்னாள்."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. நான் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக நின்றேன்.