ஜெசிந்தினியின் பெயரில் நான் அழித்தது

எங்கள் அலுவலகத்தில் ஜெசிந்தினி என்றொரு பெண் வேலை செய்கிறாள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம். அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். விடியுமுன்னே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கி, பசறையில் பஸ் மாறி, எட்டரைக்கெல்லாம் பதுளையில் எங்கள் கணக்காய்வு நிறுவனத்தின் பின்பக்கக் குழாயில் செருப்புச் சேற்றைக் கழுவிக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் தேவதாசன், அங்கே தலைமை எழுத்தர். இருபத்தாறு வருடமாகக் கோப்பு அலுமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் அலுவலகமே படுத்துவிடும். அதில் எனக்கொரு பெருமை.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவள் ஜெசிந்தினி. முதலாளி கணபதியிடம் பேசி, கோப்புகள் எல்லாவற்றையும் கிளவுட்டில் ஏற்ற வைத்தாள். இனி எல்லாம் இணையத்தில் இருக்கும். கடவுச்சொல் தெரிந்தவர் எங்கிருந்தும் பார்க்கலாம். பெரகலவில் இரும்புக்கடை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஸாஹிர் பில்களைப் போனில் படம் பிடித்து அங்கேயே போட்டுவிடுகிறார். முன்போல பில் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதில்லை. போன மழையில் மண் சரிந்து வீதி மூடிக்கிடந்த ஐந்து நாளும் ஜெசிந்தினி, தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தாங்கிப் பக்கம் குடை பிடித்து உட்கார்ந்து, மடிக்கணினியில் வேலையை முடித்தாள். நான் பதுளை நகரத்துக்குள்ளேயே இருந்துகொண்டு ஒரு துரும்பையும் அசைக்கவில்லை.

எனக்கென்று தனியாகக் கடவுச்சொல் போட்டுத் தருவதாகச் சொன்னாள்.

"அதெல்லாம் எனக்கு வேணாம் புள்ள. போறப்ப ஒன்னோடத தொறந்து வெச்சிட்டுப் போ, போதும்" என்றேன். என் பேச்சைத் தட்ட முடியாமல் தினமும் அப்படியே செய்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை கட்டிக்கொண்டு வந்ததால் என்னிடம் அனுமதி கேட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் அவள் கதிரையில் உட்கார்ந்தேன். கணினியில் இடம் போதாது என்று காட்டியது. எல்லாம்தான் கிளவுட்டில் இருக்கிறதே, இங்கே கிடப்பது வெறும் நகல்தானே என்று, ஸாஹிரின் மூன்று வருடக் கோப்புகளை அழித்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன். இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை ஸாஹிர் பதறிப்போய் போன் பண்ணினார். பன்னிரண்டு மணிக்குள் வங்கிக்கு ஆவணம் கொடுக்க வேண்டும், ஒன்றையும் காணவில்லை. கணபதி திரையைப் பார்த்தார். அழித்தவர் ஜெசிந்தினி, வெள்ளி, மூன்று நாற்பது என்று பதிவாகியிருந்தது.

"நான் அழிக்கல சேர். அந்நேரம் நான் பஸ்ல இருந்தேன்."

"அப்ப பேய் வந்து அழிச்சிச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

"இந்த மாசம் ஒன்ன நிரந்தரமாக்கலாம்னு கடிதம்கூட அடிச்சி வெச்சிருந்தேன். இப்ப அது வேணாம்" என்று அதை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார் கணபதி.

அவள் அழவில்லை. அழித்தவை முப்பது நாள் தங்குகிற இடம் ஒன்று கிளவுட்டில் உண்டாம். அதைத் திறந்து, கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிட்டாள். பதினொரு மணிக்கு ஸாஹிர் வங்கியில் இருந்தார். நட்டம் அவளுக்கு மட்டும்தான்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம். ஐம்பத்தேழு வயதில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றால் நான் என்ன மனுஷன்? நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஐந்தாம் நாள் அவளிடமே கேட்டேன்.

"நான்தான்னு ஒனக்குத் தெரியும்ல? ஏன் புள்ள சொல்லல?"

"நான் சொன்னா நம்புவாங்களா சேர்? நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

குரலில் கோபமே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

நேரே கணபதியின் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். என் வேலைக்கே உலை வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, நீங்களா! இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சீங்க? நமக்கெல்லாம் இது புதுசு தானே. உக்காருங்க, டீ குடிங்க."

அவளுடைய நிரந்தர வேலையைப் பறித்த குற்றம், என் தலையில் விழுந்ததும் வேடிக்கையாகிவிட்டது. எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஜெசிந்தினியைக் கூப்பிட்டு லாச்சியைத் திறந்து கடிதத்தை நீட்டினார்.

"இந்தா. இனிமேலாவது கம்பியூட்டர இப்பிடித் தொறந்து போட்டுட்டுப் போகாத. பொறுப்பு வேணும், வெளங்குதா?"

திறந்து வைக்கச் சொன்னவன் நான். கையில் கோப்பையோடு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

"சரிங்க சேர்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள்.