அப்பா கேட்ட கேள்வி

புனே மென்பொருள் நிறுவனத்தில் நான் குழுத்தலைவியாக இருந்த காலம். எந்நேரமும் மீட்டிங். கோவையிலிருந்து அழைக்கும் அப்பா, என் மேஜை போனில் குரலைப் பதிந்துவிட்டு வைப்பார்: “சாப்டியா சாமி? வேலையா இருப்பே, அப்பறம் பேசறேன்.” அவர் இறந்த பிறகு அந்தப் பதிவுகளைத் தினமும் கேட்பேன்.

துறைத்தலைவியாக உயர்ந்தேன், புது அறை, புது எண். பழைய எண்ணில் உள்ள பதிவுகள் எதுவும் வேண்டாம் என்றிருந்த படிவத்தில் படிக்காமலே கையெழுத்திட்டேன். மறுநாள் அப்பாவின் குரல் நினைவு வந்து டெலிபோன் பிரிவுக்கு ஓடினேன்.

“ஐயோ அக்கா, எல்லாம் அழிச்சாச்சே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றாள் அங்கிருந்த தமிழ்ப்பெண், ஆபரேட்டர் செல்வி. ‘நகல் எடுத்தாயா?’ என்று குழுவையே விரட்டியவள் நான்!

இப்போது யாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தாலும், மீட்டிங்கிலிருந்து எழுந்துபோய்ப் பேசச் சொல்கிறேன். நேற்று வெளியே நின்று ஒருத்தி, சாப்பிட்டுவிட்டதாகத் தன் அப்பாவிடம் மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரேயொரு முறை அப்படிப் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.