ரயில் பாட்டுக்கு ஏழாம் இடம்

டயர் கடைக்காரருக்கு டமாரம் என்று பெயர். ஊர்க்கதை பேசுகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்கும் என்கிற ரகம். இளவயதில் டிரம்ஸ் வாசித்ததால் ஒட்டிய பெயர். டிரம்ஸ் போய்விட்டது, பெயர் போகவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் திறக்கும். எண்பத்தைந்தாம் வருஷத்துப் பாட்டுகள். பஞ்சர் ஒட்ட வந்தவர் அந்த வருஷத்துப் பாப் பாட்டு எதையாவது முணுமுணுத்துவிட்டால் போதும், "அதுக்கு நாலாவது இடம்தான்" என்பார், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே. முதலிடம், ஒரு பெண் மெல்லப் பாடிய பாட்டுக்கு. "அழற குரல் இல்ல அது, அழுது முடிச்ச குரல்" என்று அதற்குக் காரணம் சொல்வார். இரண்டாவது, கிடாரும் தொண்டையும் போட்டி போட்டுக் கத்துகிற ஒரு ராக் பாட்டு. மூன்றாமிடத்துக்கு மட்டும் அடிக்கடி ஆள் மாறும். ரயில் பாட்டு என்று எல்லோரும் சொல்லும் பாட்டோ ஏழாமிடத்தில் ஆணி அடித்த மாதிரி கிடந்தது.

ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய பாட்டு அது. முதலில் டிரம்ஸ் மட்டும் ரயில் கிளம்புவதுபோல் தனியாக ஓடும்; பிறகுதான் பாடகர் வாயைத் திறப்பார். அந்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தது டமாரம்தான். அவர் டிரம்ஸ் வாசித்த இசைக்குழு அப்போது ஒரு மரக்கிடங்கின் பின்னறையில் பழகிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க விடாமல் அடித்து, உள்ளங்கைத் தோல் உரிந்த பிறகு பிடிபட்ட தாளம் அது.

பாட்டைப் பதிவு செய்ய நாள் குறித்த பிறகு, லாரி டயரைத் தூக்கப் போன அண்ணனுக்கு முதுகு பிசகிவிட்டது. டயர் கடை அப்போது அண்ணனுடையது. படுத்த படுக்கையாகக் கிடந்தபடி தம்பியைக் கூப்பிட்டார்.

"ஆறு மாசம் கடையைப் பாத்துக்கடா. நான் எழுந்து நடமாடினதும் நீ போயிடு. பாட்டு எங்க ஓடியா போயிடும்?"

பாட்டு ஓடித்தான் போனது. குழு வேறொருவரை உட்கார வைத்து, டமாரத்தின் தாளத்தையே அடிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டது. அண்ணன் சொன்னபடியே எழுந்து நடமாடினார். ஆனால் கடைப்பக்கம் திரும்பவில்லை. நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடிக்கொண்டார். தம்பிக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். பரணில் ஏறிய டிரம்ஸை எலிகள் பார்த்துக்கொண்டன.

"பொறாமையிலதான் அதை ஏழாவதுல வெச்சிருக்கீங்க," என்று மனைவி ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"ரெண்டாவது சரணத்துல டிரம்ஸ் ஒரு மயிரிழை பின்தங்கும். நீயே கேட்டுப் பாரு."

அவள் கேட்டுப் பார்த்தாள். பின்தங்கத்தான் செய்தது. பொறாமையும் இருந்தது; அதை அவள் மறுபடி சொல்லவில்லை.

இந்த வருஷம் ரேடியோக்காரர்கள் எண்பத்தைந்தின் பாட்டுகளை நேயர்களின் ஓட்டு வாங்கி வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் ரயில் பாட்டுக்கு. அதற்கு ஒரு மேடை விழா. பழைய பாடகர், தலையெல்லாம் வழுக்கையாகி, கடையைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார்.

"நம்ம டிரம்ஸ்காரன் போன வருஷம் போய்ச் சேந்துட்டான்டா. நீதான் வந்து உக்காரணும். உன் தாளம்தானே அது?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் டமாரம் இத்தனை காலம் காத்திருந்தார் போலும். ரிம்மிலிருந்து டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அன்று முதல் தேய்ந்த லாரி டயர் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் குச்சியால் பழகினார். மணிக்கட்டு வீங்கியது, மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். வாயே திறக்காத மனிதர் சீட்டியடித்துக்கொண்டே குளித்தார். தன் மனைவி இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அண்ணனுக்கும் தலைகால் புரியவில்லை. "முன்வரிசையில எனக்கு ஒரு சீட் சொல்லி வைடா."

விழா அன்று மேடையேறிய டமாரம் டிரம்ஸைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு ரப்பர் தகடு. அடித்துப் பார்த்தார். தொப்பென்று தலையணையில் அடித்த சத்தம்.

"ரெக்கார்டுதான் ஓடும் சார்," என்றார் ஒலி அமைப்பாளர். "நீங்க அதுக்கேத்த மாதிரி கையை ஆட்டினா போதும்."

டமாரம் பாடகரைப் பார்த்தார். பாடகர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் குரல் மிச்சமிருக்கா? ஜனங்களுக்கு அந்தப் பழைய சத்தம்தான் வேணுமாம். விடுடா."

இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் மனைவி புதுத்துணி கட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாயிற்று. டமாரம் உட்கார்ந்தார். செத்துப்போனவர் வாசித்தார், இவர் கையை ஆட்டினார். இரண்டாவது சரணம் வந்தது. அந்த மயிரிழைக்காக இவரும் வேண்டுமென்றே பின்தங்க வேண்டியிருந்தது. கைதட்டலில் கூரை பறந்தது.

காரில் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து அண்ணன் வாய் ஓயவில்லை.

"பிரமாதம்டா! அன்னைக்கே நீ அவங்களோட போயிருக்கணும். கடையே கதின்னு உக்காந்துட்ட. யாரு உன்னைத் தடுத்தா?"

மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அண்ணன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

டமாரம் காரை ஓரம் கட்டினார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க உங்க பையன் வீட்டுக்குப் போயிடுங்க."

"ஏன்டா? நான் என்ன சொல்லிட்டேன்?"

டமாரம் காரைக் கிளப்பினார். மறுநாள் காலையில் பையன் வந்து அழைத்துப் போனான். வாசலில் நின்று அண்ணன் மெதுவான குரலில், "நான் என்னம்மா தப்பாப் பேசினேன்?" என்று தம்பி மனைவியிடம் கேட்டது உள்ளேயிருந்த டமாரத்தின் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் கிழவர் அழுவார், தான் மன்னிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அதற்கு அவர் தயாராக இல்லை.

இப்போதும் அண்ணனிடமிருந்து போன் வந்தால் மனைவிதான் எடுப்பாள். "உங்களைக் கேக்கறாருங்க," என்பாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு. டமாரம் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.