எஸ்டிடி பூத்து பெஞ்சு

நேற்று கம்பத்தில் ஏடிஎம் அறைக்குள் நுழைந்ததும், கண்ணாடிக்குள் தேங்கியிருந்த வியர்வையும் பவுடரும் கலந்த வாடை, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு காலத்தில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு என்னைக் கொண்டுபோனது. இப்போது அங்கே செருப்புக்கடை.

ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போன அப்பா வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்த சமயம். ஞாயிறுதோறும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து அவருக்குப் போன் போடுவாள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள், உள்ளிருந்து வரும் அழுகையோ சண்டையோ காதில் விழாததுபோல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு மனிதர்கள் காட்டும் மரியாதை அது என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த ஞாயிறு அப்பா இரண்டே வார்த்தையில் போனை வைத்துவிட்டார். மீட்டரின் சிவப்பு எண்கள் நின்றுபோனதைப் பெஞ்சிலிருந்தே பார்த்தேன். அம்மா மட்டும் ரிசீவரை வைக்கவில்லை. "சாப்பிட்டீகளா? பிள்ள உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்று சிரித்த முகமாகப் பேசிக்கொண்டே இருந்தாள், பெஞ்சில் இருந்தவர்களுக்காக.

அடுத்துப் பேச நின்ற ஆள் கண்ணாடியைத் தட்டினார். "ஏத்தா, லைனு கட்டாகி எம்புட்டு நேரமாச்சு! யாருகூடப் பேசிக்கிட்டு இருக்க?"

பெஞ்சே சிரித்தது. அம்மா கதவைத் திறந்து, "மன்னிச்சுக்கங்கண்ணே, நீங்க பேசுங்க" என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

பிறகு என்னைத் தேடித் திரும்பினாள். நான் அவளுடைய மகள் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று, அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.