காணாமல் போன சிம்பல்

எதையும் முதல் பார்வையில் நம்பிவிடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பார்க்கிறவன் நான். முடிந்து வரும் தோலை மேசையில் விரித்து, கையால் தடவி, கீறல், உண்ணிக்கடி, சூட்டுத் தழும்பு என்று குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். பார்க்க ரொம்ப அழகாக இருந்தால் கூடுதலாகச் சந்தேகம் வரும். தழும்பை அடைத்து, மேலே சாயம் அடித்து, பிரஸ்ஸில் அழுத்திக் கொண்டுவந்திருப்பார்கள். இந்தப் புத்தி வீட்டிலும் போகாது. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மானத்தை வாங்குகிறேன் என்று என் மனைவி என்னை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவதையே விட்டுவிட்டாள்.

நான் குறையே பார்க்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது என் வீட்டு ஹாலில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். எங்கள் கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்து சில வருஷம் தங்கிய ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது எனக்கு விற்றவை. அவர் வீட்டில்தான் முதன்முதலில் ஜாஸ் கேட்டேன். டிரம்ஸ்காரர் பித்தளைத் தட்டை, அதுதான் சிம்பலை, குச்சியால் லேசாகத் தொட்டார். அந்த ஓசை மெல்லக் கரைந்துகொண்டே அறையின் மூலைவரை போனது. எனக்குப் புல்லரித்தது. அந்தக் கரைதலுக்காகத்தான் பெட்டிகளை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு உட்கார்ந்து கேட்க ஒரே ஒருவன் வருவான். எங்கள் கம்பெனியில் ஷேவிங் மெஷின் ஓட்டுகிறவன். தோலின் உட்பக்கத்தைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் மெஷின் அது. பிளேடு தோலில் படும்போது எழும் கீச்சு சத்தம் கம்பெனி வாசலுக்கு வெளியே வரை கேட்கும். அவன் வீட்டில் உருது பேசுவார்கள். பேசுவார்கள் என்று பழக்கத்தில் சொல்கிறேன். மனைவி தவறிப்போய், மகன்கள் துபாய்க்குப் போனபிறகு அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது.

போன வருஷம் பெட்டிகளின் முன்பக்கத் துணியை எலி கடித்துவிட்டது. “எங்கிட்ட குடு தோஸ்த், புதுத் துணி கட்டித் தர்றேன்” என்று அவன்தான் ஆட்டோவில் ஏற்றிப் போனான். பெட்டிகள் புதுசுபோலத் திரும்பி வந்தன. ரொம்ப அழகாக இருந்தன.

இசைத்தட்டைச் சுழலவிட்டேன். சாக்ஸபோன் இருந்தது, பியானோ இருந்தது. சிம்பலைக் காணோம். எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ தட்டைத் துடைக்கிற மாதிரி ஏதோ கேட்டது.

முதலில் ஊசியைச் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். அப்புறம் வயரை, கரண்ட்டை, கடைசியில் என் காதையே. மனைவி கேட்டுவிட்டு, “ஏதோ போர்த்திக்கினு பாடற மாதிரி இருக்குது” என்றாள். என் காதில் கோளாறு இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது அவன்தான். சிம்பல் மாதிரி மெல்லிய ஓசையெல்லாம் வருகிற, மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு மட்டமான ஒன்றை வைத்துவிட்டான்.

அதன்பின் அவன் செய்வதெல்லாம் தப்பாகவே தெரிந்தது. முன்னெல்லாம் கதவோரத்து நாற்காலியில் உட்காருவான். டிரம்ஸ் வேகமெடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். இப்போதோ பெட்டிக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தான், எழுந்திருப்பதே இல்லை. நான் துணியைத் தொட்டால், “பசை காயல, கை வெக்காத” என்றான். எந்த ஊரில் பசை மாதக்கணக்கில் காய்கிறது? காவல் இருக்கிறான் என்று முடிவு செய்தேன். அவன் கொண்டுவரும் சமோசாவைக்கூட நான் தொடுவதில்லை. அத்தனை வருஷத்துச் சிநேகிதன் திருடனா என்பதைவிட, திருடிவிட்டு எப்படி என் எதிரில் இப்படி நிம்மதியாக உட்கார முடிகிறது என்பதுதான் என்னைத் தின்றது.

கும்பகோணத்திலிருந்து சோளிங்கர் கோயிலுக்கு வந்த என் மைத்துனன் எங்களையும் பார்க்க வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைச் சுளித்தான்.

“இதுல தோல் நாத்தம் வருது மாமா.”

நானும் மனைவியும் சிரித்தோம். ஊரே அதுதான், எங்கள் மூக்குக்கு அந்த வாசனை செத்துப்போய் எவ்வளவோ காலமாகிறது.

“ஊர் நாத்தம் வேற. இது பெட்டிக்குள்ளேருந்து வருது.”

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். துணிச்சட்டம் கையோடு வந்தது. உள்ளே என் பழைய சின்ன ஸ்பீக்கர் அப்படியே இருந்தது. அதன்மேல் வட்டமாக ஒரு துண்டு ஆட்டுத்தோல், ஓரம் சீவி, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. இன்னொரு பெட்டியிலும் அப்படியே. என் விரல் தானாகத் தடவிப் பார்த்தது. முதல் தரம், ஒரு கீறல் கிடையாது.

திருடவில்லை. ஆனால் வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான். இது எனக்கு அதைவிட மோசமாகப் பட்டது. நான் ரசிப்பது பிடிக்காமலா? பொறாமையா? தோலைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

அவன் வந்தான், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். சிம்பல் நிறைய வருகிற இசைத்தட்டாகப் போட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன். சிம்பலில் முதல் அடி விழுந்ததும் அவன் தோள் தூக்கிக்கொண்டது. அடுத்ததற்குக் கண்ணை மூடினான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண்ணோரம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, “நல்லாருக்குது” என்றான்.

ஊசியைத் தூக்கிவிட்டேன். பையிலிருந்து தோல் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவன் ஒரு துண்டை எடுத்து ஓரத்தைத் தடவினான். “அந்த மெஷினாண்ட நின்னு நின்னு காது போச்சு. மெல்லப் பேசினா கேக்கல. இந்த மாதிரி கீச்சு சத்தம் வந்தா மட்டும் ஊசி ஏத்தற மாதிரி வலிக்குது. டாக்டர்கிட்டயும் காட்டினேன்.”

“இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ பாட்டை நிறுத்திடுவ.”

“வலிச்சா வராம இருந்திருக்கலாமில்ல?”

“ஞாயித்துக்கெழமை வேற எங்க போவேன்?” என்றான்.

உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. பசை டப்பாவைத் தேட எழுந்து போனேன்.

இப்போது அந்தத் துண்டுகளுக்கு ஓரத்தில் செருப்பில் வருகிற ஒட்டுப்பட்டை தைத்திருக்கிறேன், கழற்றி மாட்டலாம். வார நாட்களில் சிம்பல் உண்டு. ஞாயிறு காலை அவன் வருமுன் நானே தோலை மாட்டிவிடுவேன். பெரும்பாலும் கனத்த குரலுள்ள செல்லோ போடுகிறேன், அது அவனுக்கு ஒத்துக்கொள்கிறது. “நல்லாருக்குது” என்கிறான். அதை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. பாட்டு ஓடும்போதெல்லாம் சத்தத்துக்குப் பயந்து முன்பு உட்கார்ந்த கதவோரத்து நாற்காலியை அவன் திரும்பிப் பார்க்கிறானா என்றுதான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.